சுளகிலிருந்து ஆய்வுக்கூடம் வரை

புளியங்குடி வட்டாரத்தில் மத்தியான நேரம் தெருவழியே நடந்தால், வாசல்படியில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். நனைத்துப் பதப்படுத்திய இலையைக் கத்தரியால் அளவாக வெட்டுவார்கள். தூளை வைத்துச் சுருட்டுவார்கள். முனையை மடக்கி நூலால் கட்டுவார்கள். கண் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பல வீடுகளில் மகளின் கல்லூரிக் கட்டணமும் புத்தகச் செலவும் அந்தக் கூலியில்தான் நடக்கின்றன. அதே பீடிப்புகை புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஐயத்துக்கு இடமின்றி அறிவித்த முடிவு.

இந்தக் கட்டுரை அந்த வீட்டு மகளைப் பற்றியது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பீடி புகைப்பவரைப் பற்றி ஆயிரம் கட்டுரைகள் வந்துவிட்டன. நாள் முழுக்கப் புகையிலைத் தூளை மூச்சில் வாங்கும் தன் அம்மாவுக்கு முப்பது ஆண்டில் என்ன நேரும் என்று அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஆக நினைக்கிறாள். இன்று நடப்பில் உள்ள திட்டங்கள் அவளை எதுவரை கொண்டுபோய் விடும்? பாராட்டிவிட்டுப் போவதும் குறை சொல்லிவிட்டுப் போவதும் எளிது. ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்பதே அவளுக்குப் பயன்படும்.

ஏன் அவள் வேண்டும்?

2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது. 9 லட்சம் பேர் இறந்தார்கள். தென்காசிப் பக்கத்து நோயாளிகள் கையில் ஸ்கேன் உறையோடு செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த காட்சி. அதே மலைக்கு அப்பால், விதுராவில், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் (ஐசர்) இருக்கிறது. நோயாளியாக மலையைத் தாண்டும் நம் ஊர், மாணவராகத் தாண்டுவது அரிது.

சென்னை ஐஐடி 2025 பிப்ரவரியில் இந்திய மார்பகப் புற்றுநோயின் மரபணுத் தகவல் தொகுப்பை வெளியிட்டது. 480 திசு மாதிரிகளிலிருந்து எழுந்த பெரும்பணி அது. மாதிரிகள் எல்லாத் தரப்பு மக்களிடமிருந்தும் வருகின்றன. அவற்றைப் படிக்கும் நாற்காலிகளில் எல்லாத் தரப்பும் இல்லை. இது நியாயம் சார்ந்த குறை மட்டும் என்று நான் கருதவில்லை. எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதை ஆராய்பவரின் வாழ்க்கை பெரிதும் முடிவு செய்கிறது. பீடித்தூள் பற்றிய கேள்வி, சுளகுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தானாக வரும்.

தமிழகத்தின் சொந்த வரலாறே இதற்குச் சான்று. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி தேவதாசி மரபில் வந்த தாயின் மகள். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் அனுமதித்ததால் சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தொடக்கத்தில் 12 படுக்கைகள். மறு ஆண்டில் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021இல் மறையும் வரை அங்கேயே உழைத்தார். 1984இல் புற்றுநோய் மருத்துவத்துக்கென உயர்சிறப்புப் படிப்பை நாட்டிலேயே முதலில் தொடங்கியதும் அந்த நிறுவனம்தான். ஒரு கல்லூரி வாசலில் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியிருந்தால் இத்தனையும் நடந்திருக்குமா என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

எந்த அளவுகோல்?

மூன்று கேள்விகளால் எல்லாத் திட்டங்களையும் அளக்கிறேன். முதலாவது, யாரைச் சேர்க்கிறது, யாரை வடிகட்டுகிறது? இரண்டாவது, மாணவரின் கைக்கு உண்மையான ஆராய்ச்சி வேலையைத் தருகிறதா? மூன்றாவது, சொந்தக் காலில் நிற்கும் வருமானம் வரும்வரை தாங்குகிறதா? புளியங்குடி மகளுக்கு மூன்றும் சேர்ந்து வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவள் பாதியில் நின்றுவிடுவாள்.

மாநிலத் திட்டங்கள்

முதலில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவச் சேர்க்கையில் தனி இடம் தரும் சட்டம் 2020 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. நீட் வந்த பிறகு விரல்விட்டு எண்ணும் அளவில் சுருங்கியிருந்த அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை, முதல் ஆண்டிலேயே எம்பிபிஎஸ், பிடிஎஸ் இரண்டும் சேர்த்துச் சுமார் 400 ஆக உயர்ந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகளுக்கும் இது விரிந்தது. சேர்க்கை என்ற முதல் அளவுகோலில் இந்தியாவின் சிறந்த சட்டங்களுள் ஒன்று இது.

அதே முதல் ஆண்டு இன்னொரு பாடத்தையும் தந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர் கட்டணம் கட்ட வழியின்றித் தவித்தார்கள். அதன் பிறகே அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்பதாக அறிவிப்பு வந்தது. இடம் கொடுத்தால் போதாது, கட்டணமும் கொடுக்க வேண்டும் என்பதைச் சில நாட்களிலேயே அரசு கற்றுத் திருத்திக்கொண்டது. அந்தத் திருத்தம் பாராட்டுக்குரியது. ஆனாலும் இந்த ஒதுக்கீடு தொழிற்படிப்புகளுக்கானது. புற்றுநோய் ஆராய்ச்சியின் பெரும்பகுதியைச் செய்பவர்கள் உயிரியல், உயிர்வேதியியல், புள்ளியியல், இயற்பியல் படித்து முனைவர் பட்டம் பெற்றவர்கள். பி.எஸ்சி. விலங்கியல் படிக்கும் நம் மகள் இந்தச் சட்டத்தின் கண்ணில் படவே மாட்டாள்.

அடுத்தது புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலம் முழுதும் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 முதல். தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான உயர்கல்வி உறுதித் திட்டம் இது. அதே போராட்டத்தைச் சட்டமன்றத்தில் நடத்தியவர் முத்துலட்சுமி. ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. நூலிழையில் நிற்கும் குடும்பத்தில் இந்த ஆயிரம் ரூபாய், 'படிப்பை நிறுத்து' என்ற பேச்சைத் தள்ளிப்போடும். 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4, தமிழகத்துக்கு 47 என்று இருந்த நிலையைக் காக்க இத்தகைய உதவி தேவை. ஆனால் இந்தப் பணம் அவளைக் கல்லூரியில் இருத்தும். ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போகாது. அதற்காக வந்த திட்டமும் இல்லை. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன்பயிற்சியைக் கொண்டுவந்தது, அது நல்லது. அதன் நோக்கம் பெரிதும் தொழில்துறை வேலை.

ஆராய்ச்சிக்கென்றே உள்ளவை

ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை அடிப்படை அறிவியல் படிப்பவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் தருகிறது. அதில் 20,000 ரூபாய், ஓர் ஆராய்ச்சியாளரிடம் கோடைக்கால ஆய்வு செய்வதற்கானது. பணத்தோடு கைவேலையையும் கட்டி வைத்த இந்த அமைப்பு மிகவும் சரியானது. குறை நுழைவாயிலில் இருக்கிறது. அவளைப் போன்றவருக்கு உள்ள முக்கிய வழி, பள்ளி வாரியத் தேர்வில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வருவது. வீட்டில் தனி அறையும் டியூஷனும் இல்லாமல் 80 விழுக்காடு வாங்கிய பிள்ளையின் ஆற்றலை அந்தக் கோடு காண்பதில்லை.

மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை இரண்டு மாதம் நாட்டின் சிறந்த ஆய்வுக்கூடங்களில் இடம் தருகிறது. தகுதியானவர்களின் வாழ்க்கையை மாற்றிய திட்டம் இது. விண்ணப்பிக்க ஆர்வத்தை ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இப்படியொரு திட்டம் இருப்பதே தெரியாத கல்லூரியில் அந்தக் கடிதத்தை யார் எழுதுவார்?

இரண்டு மாதம் எதற்குப் போதும் என்பதையும் கேட்க வேண்டும். ஆய்வுக்கூடத்தின் மிகச் சிறிய கருவியான மைக்ரோபிப்பெட்டை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரலால் அழுத்தும்போது முதல் தடையில் நிறுத்தி நீர்மத்தை உறிஞ்ச வேண்டும். வெளியேற்றும்போது இரண்டாம் தடை வரை அழுத்த வேண்டும். உறிஞ்சும்போதே இரண்டாம் தடைக்குப் போய்விட்டால் அளவு கூடும், ஒரு நாள் வேலை வீணாகும். அந்தத் தடையை விரல் தானாக உணரும் வரை நூறு முறை, ஆயிரம் முறை செய்ய வேண்டும். அம்மாவின் விரல் பீடி இலையில் கற்றதுபோலத்தான் இதுவும். வளர்ப்புத் தட்டில் புற்றுச் செல்களைக் கிருமி படாமல் வாரக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பது அடுத்த படி. தோற்ற சோதனையை மறுபடி செய்து, ஏன் தோற்றது என்று எழுதுவது அதற்கும் அடுத்த படி. நம் கல்லூரிகள் பலவற்றில் செய்முறைத் தேர்வு என்பது ரெகார்டு நோட்டில் பென்சில் படம் வரைந்து கையெழுத்து வாங்குவதோடு முடிகிறது. அங்கிருந்து வரும் பிள்ளைக்கு இரண்டு மாதத்தில் கருவிகளின் பெயர் பழகும், கை பழகாது.

பி.எஸ்சி., எம்.எஸ்சி. தாண்டினால் ஆய்வு உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு. தேறினால் இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். குடும்பத்தைத் தாங்கும் தொகை இது. 'இத்தனை வருசம் படிச்ச பொறவு கைக்கு என்ன வரும்?' என்று கேட்கும் தாய்க்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். நெட் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். இந்திவழி மாணவருக்குக் கிடைக்கும் தாய்மொழி வாய்ப்பு தமிழ்வழி மாணவருக்கு இல்லை. இதற்கு அறிவியல் காரணம் ஒன்றும் கிடையாது. பட்டியலின மாணவருக்கான தேசிய உதவித்தொகை 2005-06 முதல் பலரை முனைவர் ஆக்கியிருக்கிறது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையோ 2022 டிசம்பரில் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. முஸ்லிம் குடும்பங்கள் கணிசமாக வாழும் புளியங்குடி போன்ற ஊருக்கு அது நேரடி இழப்பு.

நிறுவனங்களின் கடமை

இதுவரை பார்த்தவை எல்லாம் மாணவரைத் தயார் செய்வது பற்றி. நிறுவனங்கள் தயாரா? மத்தியக் கல்வி நிறுவனங்களில் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு தரும் 2006ஆம் ஆண்டுச் சட்டம், தன் நான்காம் பிரிவில் சில உயர் நிறுவனங்களுக்கு விலக்கு தந்தது. அட்டவணையில் ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பான மும்பை டாடா நினைவு மையமும் பெயர் சொல்லி இடம்பெற்றன. நாட்டின் மிகப்பெரிய புற்றுநோய் மையம் அது. அங்கே நடக்கும் பணியின் உயர்வை நான் குறைத்துச் சொல்லவில்லை. விலக்குக்குச் சொல்லப்படும் காரணத்தை மறுக்கிறேன். சிறப்பைக் காக்க விலக்கு வேண்டும் என்றால், ஒதுக்கப்பட்டோர் வந்தால் சிறப்பு குறையும் என்று பொருள். அடையாறு நிறுவனத்தின் வரலாறே அதைப் பொய்யாக்குகிறது.

உள்ளே வந்தபின் நடப்பதும் உண்டு. டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் பாகுபாட்டைச் சந்திப்பதாக சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007இல் அறிக்கை தந்தது. வழிகாட்டி ஆசிரியரின் நேரம், பேராசிரியரின் ஒரு சொல், விடுதி மேசையில் ஓர் இடம் ஆகியவை எந்த உதவித்தொகையாலும் வாங்க முடியாதவை.

இரண்டு சான்றுகள்

எது வேலை செய்யும் என்பதற்கு வெளியே ஒரு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில், ஃப்ரீமன் ரபோவ்ஸ்கி முன்னெடுத்த மேயர்ஹாஃப் திட்டம் 1989இல் 19 கறுப்பின மாணவர்களோடு தொடங்கியது. கோடையில் முன்பயிற்சி, குழுவாகப் படிப்பு, முழு உதவித்தொகை, முதல் ஆண்டு தொட்டே ஆய்வுக்கூட வேலை, தவறாமல் வழிகாட்டி. அழைப்பு வந்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால், சேர்ந்தவர்கள் அறிவியலில் முனைவர் படிப்புக்குப் போவது சுமார் ஐந்து மடங்கு என்று கண்டார்கள். கொரோனா தடுப்பூசி ஆய்வில் முன்நின்ற கிஸ்மெக்கியா கார்பெட் இத்திட்டத்தில் படித்தவர்.

இந்தச் சான்றையும் கண்மூடி ஏற்கக் கூடாது. ஏற்கெனவே நல்ல மதிப்பெண் பெற்றவர்களையே அத்திட்டம் தேர்ந்தெடுத்தது. அழைப்பை ஏற்றவர்களுக்கு முதலிலேயே ஆராய்ச்சி நாட்டம் கூடுதலாக இருந்திருக்கலாம். ஐந்து மடங்கு முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. பெரும் கொடையாளரின் பணமும் பின்னால் இருந்தது. ஆயினும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் அதே முறையைத் தம் வளாகங்களில் நட்டபோது அங்கும் வேர் பிடித்தது. ஆக, அது ஒரு மனிதரின் ஆளுமையால் மட்டும் நடந்ததில்லை.

இன்னொரு சான்று நம் மண்ணிலேயே உள்ளது. 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வில், அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையமும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் இணைந்தன. பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஊர் ஊராகப் போனார்கள். கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெண்திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்ப்பது அவர்கள் வேலை. 31,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சோதித்தார்கள். நோய் வருவது 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. உலகமே மேற்கோள் காட்டும் முடிவு அது. சரியான பயிற்சியும் சம்பளமும் நீண்ட காலமும் தந்தால், பெரிய பட்டம் இல்லாத கைகளும் முதல்தர ஆராய்ச்சியைத் தாங்கும் என்பதை அது நிறுவியது. குறை ஒன்றுதான்: அத்தகைய களப்பணியிலிருந்து முனைவர் பட்டம் வரை ஏறிப்போக நம் அமைப்பில் வழக்கமான பாதை இல்லை.

மறுப்புகள்

ஊரில் ஒழுங்கான பரிசோதனை வசதியே இல்லாதபோது ஆராய்ச்சியாளர் எதற்கு என்று கேட்பார்கள். திண்டுக்கல் ஆய்வே விடை. ஊருக்குக் கட்டுப்படியாகும் பரிசோதனையைக் கண்டு சொன்னது ஆராய்ச்சிதான். தகுதி குறையும் என்பது இரண்டாவது மறுப்பு. முனைவர் பட்ட ஆய்வேட்டை எவரும் ஒதுக்கீட்டில் ஏற்பதில்லை. அது எல்லாருக்கும் ஒரே மதிப்பீட்டில் தேற வேண்டும். மூன்றாவது மறுப்பு கனமானது: முனைவர் பட்டம் பெற்றும் நிரந்தர வேலை இல்லாதோர் நாட்டில் ஏராளம், ஏழைப் பிள்ளையை ஏன் அந்த வரிசையில் நிறுத்துகிறீர்கள்? இதை நான் ஒதுக்கவில்லை. அதனால்தான் தயாரிப்பு என்பது முனைவர் பட்டத்தை மட்டும் குறிவைக்கக் கூடாது என்கிறேன். புற்றுநோய்ப் பதிவேட்டுப் பணி, மருந்துப் பரிசோதனை ஒருங்கிணைப்பு, மருத்துவப் புள்ளியியல், மருத்துவ இயற்பியல் எல்லாம் சம்பளம் உள்ள ஆராய்ச்சி வேலைகளே. பாதியில் நிறுத்தினாலும் கையில் ஒரு தொழில் மிஞ்சும் வகையில் பயிற்சி அமைய வேண்டும்.

தீர்ப்பு

நிறுத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவாவது இது: தமிழகம் பிள்ளைகளைச் சேர்க்கையில் நன்றாகத் தாங்குகிறது, மேல்முனையில் ஒன்றிய உதவித்தொகை தாங்குகிறது. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலிருந்து நெட் தேர்வு வரையிலான நான்கு ஆண்டுகளில், அவளைப் போன்றவரை ஆராய்ச்சிப் பயிற்சியில் யாருமே தாங்குவதில்லை. தேர்வுக்குத் தயார் செய்கிறோம், ஆராய்ச்சிக்குத் தயார் செய்யவில்லை. 7.5 விழுக்காடும் புதுமைப் பெண்ணும் அப்படியே தொடர வேண்டும். இன்ஸ்பயரின் ஒரு விழுக்காட்டுக் கோட்டை ஒவ்வொரு பள்ளியிலும் முதன்மை பெற்றவர் என்று மாற்ற வேண்டும். நெட் தேர்வு தமிழில் வேண்டும். மௌலானா ஆசாத் உதவித்தொகை திரும்ப வேண்டும். 2006 சட்டத்தின் விலக்கு நீங்க வேண்டும்; அதுவரை அந்த நிறுவனங்கள் தம் ஆய்வு மாணவரின் சமூகக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இவை டெல்லியிலும் சென்னையிலும் நடக்க வேண்டியவை. காத்திருக்காமல் இங்கேயே செய்யக் கூடியது ஒன்று உண்டு. புளியங்குடியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் 1965 முதல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1990 முதல் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுக்குப் பத்து மாணவரை இரண்டாம் ஆண்டிலேயே குழுவாகத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு வார இறுதியும் விடுமுறையும் ஆய்வுக்கூடத்தில் வைத்து, ஆளுக்கு ஒரு வழிகாட்டியும் மாதம் 5,000 ரூபாயும் தந்தால், ஓர் அணிக்கு ஆண்டு உதவித்தொகைச் செலவு 6 லட்சம். ஒரு துறைத் தலைவரும் ஒரு டீனும் கூடிப் பேசினால் வரும் ஜூனில் தொடங்கலாம்.

அடையாறு 12 படுக்கைகளோடு தொடங்கியது. மேரிலாந்து 19 மாணவர்களோடு. திருநெல்வேலிக்குப் பத்துப் பேர் போதும். அந்தப் பத்தில் ஒருத்தி, பீடி சுற்றும் தாயின் மகளாக இருக்கட்டும்.